உறைபனிக் காலமும் சங்கக் கிடங்கும்

மார்கழி விடியலில் தேங்காயெண்ணெய்ப் புட்டி வெண்ணெய் போல் உறைந்து நிற்பதை நம் அங்கத்தினர்கள் யாவரும் கண்டிருப்பர். சற்று நேரம் வெயிலில் வைத்தால் அது உருகிவிடும். எண்ணெய்க்கு யாதொரு கேடும் இல்லை. ஆனால் சங்கக் கிடங்கில் நாம் சேமித்து வைக்கும் பொருள்கள் எல்லாம் இத்தகைய பொறுமை வாய்ந்தவை அல்ல. சில பொருள்கள் ஒருமுறை உறைந்தால் மீண்டும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. சில, உறையும்போது தாம் இருக்கும் கலத்தையே பிளந்துவிடும். தீயினாலும் திருட்டினாலும் நேரும் இழப்பு ஊரறிய நிகழ்வது. குளிரினால் நேரும் இழப்போ ஓர் இரவில் ஓசையின்றி நிகழ்ந்து, பின்னர் கணக்கேட்டில் மட்டும் தலைகாட்டுவது. ஆதலின் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் உள்ள நம் அங்கத்தினர்களை முதற்கண் மனத்திற்கொண்டு இதனை எழுதுகிறோம். சமவெளிச் சாயப் பட்டறையினருக்கும் இதிற் பயன் உண்டு.

ஒரு கிடங்கில் நேர்ந்தது

உதகைப் பக்கத்தில் உள்ள ஒரு சங்கத்திற்குச் சென்ற தை மாதம் போயிருந்தோம். அதன் அங்கத்தினரிற் பாதிப்பேர் தேயிலையும் உருளைக்கிழங்கும் காரட்டும் விளைவிப்போர். ஏனையோர் கம்பளி நூலுக்குச் சாயம் ஏற்றுவோரும், துணியில் அச்சிடுவோரும் ஆவர். இரு தரத்தாருக்கும் பொதுவாக ஒரே கிடங்கு. கருங்கற் சுவர், தகரக் கூரை; கணப்பு எதுவும் இல்லை. குளிருக்கு அஞ்சும் பொருள்களை மட்டும் தெர்மகோல் பலகை பதித்த ஒரு பெரிய மர அலமாரியில் வைத்து, அதற்குள் இரவு முழுதும் ஒரு மின்விளக்கை எரிய விடுவது பல ஆண்டு வழக்கம்.

அவ்வாண்டு பனிக்காலத்தில், அச்சுச் சாயத்துடன் கலக்கும் பைண்டர் முழுவதும் திரிந்த பால் போல் ஆகிவிட்டது. கிடங்குக் காப்பாளர் இரவில் விளக்கை ஏற்ற மறந்தார் என்றும், இழப்பை அவர் ஊதியத்திற் பிடிக்கவேண்டும் என்றும் நிர்வாகக் குழுவிற் பேச்சு எழுந்தது. அவரோ, விளக்கு ஒரு நாளும் அணையவில்லை என்றே உறுதியாகக் கூறினார்.

நாம் அலமாரியைத் திறந்து பார்த்தோம். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அது 9 வாட் எல்.இ.டி. விளக்கு. முன்பு அவ்விடத்தில் இருந்தது 60 வாட் குண்டு பல்பு. மின்கட்டணத்தைக் குறைக்கும் நன்னோக்கத்தோடு, மழைக்காலத்திலேயே கட்டடத்தின் எல்லா விளக்குகளையும் மாற்றுமாறு தீர்மானித்தது அதே நிர்வாகக் குழு. வெளிச்சம் குறையவில்லை, ஆகவே எவரும் வேறுபாட்டை உணரவில்லை. அந்தப் பழைய பல்பு அங்கே விளக்காக அன்று, அடுப்பாகப் பணிபுரிந்து வந்தது என்பதை எல்லோரும் மறந்திருந்தனர். இதனை எடுத்துக் கூறியபின் பிடித்தம் பற்றிய பேச்சு கைவிடப்பட்டது. ஆயினும் இழந்த பொருள் இழந்ததே; அது அங்கத்தினர் அனைவரின் பணம்.

எது எப்போது உறையும்?

கீழே கூறும் அளவுகள் யாவும் செல்சியஸ் டிகிரியில் ஆனவை.

சாயப் பட்டறையில் வழங்கும் அடர்ந்த அசெட்டிக் அமிலம் 16.6 டிகிரியிலேயே பனிக்கட்டி போல் உறையும். அதனை ‘கிளேசியல்’ என்று அழைப்பதே இக்காரணம் பற்றித்தான். எனவே இதற்கு உறைபனி வரவேண்டுவதில்லை. மலையடிவாரத்து ஊர்களின் மார்கழி இரவும் சில வேளைகளிற் போதுமானது. உறைவதால் அமிலம் கெடாது. ஆயினும் காலையில் வேலை நின்றுபோகும். அதனை உருக்க அவசரப்படுவோர் நெருப்பின் அருகே வைப்பதே ஆபத்து. 80 சதவீத அளவுக்கு நீர்த்து வைத்த அமிலம் சுழிக்குக் கீழே சென்றால்தான் உறையும். நீர்க்கும்போது தண்ணீரில் அமிலத்தை ஊற்றவேண்டுமேயன்றி, அமிலத்தில் தண்ணீரை ஊற்றலாகாது.

காஸ்டிக் சோடாவின் 50 சதவீதக் கரைசல் 12 டிகிரி அளவிலேயே கட்டிபடத் தொடங்கும். அதையே 20 சதவீதமாகக் கரைத்து வைத்தால் நம் மலைகளின் குளிர் எதுவும் அதனை அசைக்காது. வலிமை மிகுந்த சரக்கு குளிரையும் மிகுதியாகத் தாங்கும் என்று எண்ணுவது எவ்வளவு தவறு என்பதை இவ்விரண்டும் காட்டுகின்றன.

நீர் சுழி டிகிரியில் உறைகையில் அதன் பருமன் நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருகும். கண்ணாடிக் குடுவையும், மருந்து தெளிக்கும் கருவியின் பம்பும், தண்ணீர்க் குழாயும் வெடிப்பது இதனாலேயே.

பைண்டர், வெள்ளைப் பசை, சுவருக்குப் பூசும் எமல்ஷன் வர்ணம் முதலியவை நீரில் நுண்துகள்கள் மிதக்கும் கலவைகள். நீர் உறையும்போது துகள்கள் ஒன்றோடொன்று நெருக்குண்டு ஒட்டிக்கொள்கின்றன. பனி உருகினாலும் அவை பிரிவதில்லை. கிடங்கில் முதற்காவல் இவற்றிற்கே தேவை.

வேப்பெண்ணெய் குளிரில் இறுகினும் கெடுவதில்லை. பூச்சி மருந்துகளில் சில, குளிரில் படிகமாக அடியில் தங்கும்; மேலே உள்ளதை மட்டும் எடுத்துத் தெளித்தால் அளவு தவறிவிடும். புட்டியின் மேல் ஒட்டியுள்ள சீட்டில் எத்தனை டிகிரிக்குக் கீழே வைக்கலாகாது என்று அச்சிட்டிருந்தால் அதனையே பின்பற்றவேண்டும்.

எல்லாப் பொருளும் குளிருக்கு அஞ்சுவன அல்ல. வெளுப்பதற்கு உதவும் ஹைட்ரஜன் பெராக்சைடு குளிரைத் தாங்கும், வெப்பத்தைத் தாங்காது. அதனை விளக்கு எரியும் பெட்டியில் வைப்பது பெரும் பிழை. ஹைட்ரோஸ் பொடிக்கோ ஈரமே பகை. குளிர்ந்த பீப்பாயைக் காலையில் திறந்தவுடன் காற்றிலுள்ள ஈரம் உள்ளே நீர்த்துளியாகப் படியும். நனைந்த ஹைட்ரோஸ் தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். பீப்பாயும் வெதுவெதுப்பு அடைந்தபின் திறந்து, எடுத்தவுடன் இறுக மூடுக.

கட்டடம் ஏன் குளிர்கிறது?

நீலகிரியில் பெரும்பாலும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, மேகமற்ற, காற்றற்ற இரவுகளிலேயே உறைபனி விழுகிறது. மேகம் பூமிக்குப் போர்வை. அப்போர்வை இல்லாதபோது தரையும் கூரையும் தம் வெப்பத்தை வானத்திற்கு இழந்துவிடுகின்றன. தகரக் கூரை இவ்வாறு இழப்பதில் முதன்மையானது. சுற்றியுள்ள காற்றைக் காட்டிலும் அது மிகுதியாகக் குளிர்ந்து, கீழே உள்ள காற்றையும் குளிரச் செய்யும். குளிர்ந்த காற்று கனமானது. அது நீரைப் போல் பள்ளம் நோக்கிச் செல்லும். ஆகவே பள்ளத்தாக்கில் உள்ள கிடங்கு மேட்டில் உள்ளதைவிட மிகுதியாகக் குளிரும். ஒரே கிடங்கினுள்ளும் வாசலோரத்துத் தரை முதலிற் குளிரும்.

இளந்தேயிலைச் செடிகளின் மேல் தாகை முதலிய தழைகளைப் பரப்பி மூடும் நம் விவசாயிகள் இந்த உண்மையை நன்கு அறிந்தவர்கள். தழை செடிக்கு வெப்பம் ஊட்டுவதில்லை. இருக்கும் வெப்பம் வானத்திற்குப் போகாமல் தடுக்கிறது. கிடங்கிற்கும் இதே நெறிதான். கூரைக்குக் கீழே பலகையாலேனும் அட்டையாலேனும் ஓர் உட்கூரை அமைப்பதும், கதவின் அடியில் உள்ள இடைவெளியைச் சாக்குச் சுருளால் அடைப்பதும் முதற் பணிகள்.

பூமியின் உள்ளே சில அடி ஆழத்தில் வெப்பம் அவ்வளவாக மாறுவதில்லை. எனவே பனி இரவில் கிடங்கின் நடுத்தரை, மேலே உள்ள காற்றைவிட வெதுவெதுப்பாகவே இருக்கும். குளிருக்கு அஞ்சும் திரவக் கேன்களை வெளிச்சுவரோரம் உள்ள பரணில் வைக்காமல், நடுத்தரையில் ஒன்றோடொன்று நெருக்கி வைத்து, தரையைத் தொடும்படி கம்பளத்தால் மூடுவது நலம். ஈரத்திற்கு அஞ்சும் பொடிகளை மட்டும் மரச்சட்டத்தின் மேல் உயர்த்தி வைக்கவேண்டும்.

தண்ணீரே கணப்பு

முழுக் கட்டடத்தையும் சூடாக்குதல் நம்மால் ஆகாது, தேவையும் இல்லை. கட்டடத்தினுள் ஒரு பெட்டியைக் காத்தாற் போதும். நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் உடைய பெட்டிக்கு ஆறு பக்கமும் 5 சென்டிமீட்டர் தெர்மகோல் பதித்தால், உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஒவ்வொரு டிகிரி வேறுபாட்டிற்கும் ஏறத்தாழ 4 வாட் வெப்பம் வெளியேறும். ஆகவே 60 வாட் பல்பு பெட்டியை வெளியைவிட ஏறக்குறைய 15 டிகிரி உயர்த்தி வைக்கும்; 9 வாட் விளக்கோ ஏறத்தாழ 2 டிகிரி மட்டுமே உயர்த்தும். மேற்சொன்ன சங்கத்தில் நேர்ந்தது யாதென இக்கணக்கே சொல்லும்.

குண்டு பல்பு இப்போது எளிதிற் கிடைப்பதில்லை; மலையில் மின்சாரம் தடைப்படும் இரவுகளும் உண்டு. ஆயினும் நம்மிடம் செலவில்லாத ஒரு கணப்பு இருக்கிறது. அது தண்ணீர். 50 லிட்டர் தண்ணீர் 10 டிகிரி குளிரும்போது வெளிவிடும் வெப்பம், 60 வாட் பல்பு ஏறத்தாழ 10 மணி நேரம் எரிவதற்குச் சமமாகும்.

செய்யும் முறை இதுவே: பத்து லிட்டர் கேன்கள் ஐந்தினுக்குக் கறுப்பு வர்ணம் பூசி, நீர் நிரப்பி, பகல் வெயிலில் வைக்கவும். உறைபனி விழும் நாள்களின் பகல் பெரும்பாலும் தெளிந்த வெயிலாகவே இருப்பது நமக்கு வாய்ப்பு. மாலை நான்கு மணிக்குள் அவற்றை எடுத்துப் பெட்டியினுள் வைத்து மூடவும். மாலையில் 15 டிகிரியாக இருந்த பெட்டி, வெளியே இரவு முழுதும் சுழியாகவே இருந்தாலும், விடியலில் 6 டிகிரிக்குக் குறையாது என்பது நம் கணக்கு. பைண்டரையும் பசையையும் காக்க இது போதும். அசெட்டிக் அமிலத்திற்குப் போதாது. அதனை நீர்த்து வைப்பதே வழி.

பெரும வெப்பத்தையும் சிறும வெப்பத்தையும் காட்டும் வெப்பமானி ஒன்றைப் பெட்டியினுள் வைத்து, நாள்தோறும் காலையில் அளவைப் பதிவேட்டில் குறித்தல் வேண்டும். அப்பழக்கம் இருந்திருப்பின், விளக்கு மாறிய சில நாள்களிலேயே அச்சங்கத்தார் ஆபத்தை உணர்ந்திருப்பர்.

செய்யத் தகாதவை

மூடிய கிடங்கில் கரியடுப்போ கணப்புச் சட்டியோ வைத்தல் எக்காரணத்தாலும் கூடாது. கரி எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு வாயுவிற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குவோர் விழிக்காமலே மாண்டுபோவர். காவலுக்குப் படுத்திருக்கும் ஆளின் உயிரைவிட விலையுயர்ந்த சரக்கு எந்தச் சங்கத்திலும் இல்லை. மேலும், அசெட்டிக் அமிலத்தின் ஆவி 39 டிகிரி அளவிலேயே தீப்பற்றக்கூடியது. தெர்மகோலும் எளிதில் எரிவது. ஆகவே பல்பு வைப்போரும் அதனைக் கம்பிக் கூண்டினுள், பலகையிலும் பொருளிலும் படாதவாறு அமைக்கவேண்டும்.

உறைந்துவிட்டால்

பதற்றம் வேண்டா. உறைந்த அமிலக் கலத்தின் மூடியைச் சிறிது தளர்த்தி, வெதுவெதுப்பான நீரில் நிறுத்தி மெல்ல உருக விடுக. காஸ்டிக் சோடாக் கரைசலையும் அவ்வாறே உருக்கி, கையுறையும் கண்காப்பும் அணிந்து நன்கு கலக்குக. வேப்பெண்ணெய்க்கு இளஞ்சூட்டு நீர் போதும். உறைந்த பைண்டரை அறை வெப்பத்தில் இரண்டொரு நாள் வைத்து, கிளறிப் பார்த்து, மென்மையாக இருந்தால் மட்டும் ஒரு சாண் துணியில் அச்சிட்டு, காய்ந்தபின் துவைத்துச் சோதிக்கவேண்டும். கட்டி கட்டியாக இருப்பின் தயங்காது ஒதுக்கிவிடுக. அதனை நல்ல சரக்கோடு கலந்து ஒப்பேற்றினால், கெடுவது ஒரு கேன் அன்று. சங்கத்தின் முத்திரை பெற்ற துணியின் நற்பெயராகும்.

நிறைவாக ஒன்று. எந்தப் பொருள் எதற்காக எங்கே வைக்கப்பட்டுள்ளது என்பதை ஒரு பலகையில் எழுதிக் கிடங்கில் மாட்டுங்கள். ‘இவ்விளக்கு வெப்பத்திற்கானது; மாற்றற்க’ என்ற ஒரே வரி அச்சங்கத்தின் இழப்பைத் தடுத்திருக்கும்; ஒரு நேர்மையான ஊழியர் மேல் பழி விழாமலும் காத்திருக்கும். வெள்ளம் வருமுன் அணை போடு என்பர் பெரியோர். மலைநாட்டுச் சங்கங்கள் ஐப்பசியிலேயே தத்தம் கிடங்கைச் சுற்றிப் பார்த்து, ஆவன செய்துகொள்வார்களாக.