பவுத்திரம் போகும் பாதை

அறுவை முடிந்து வீடு திரும்பிய மலேசியாவின் ஜார்ஜ்டவுன் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "குறிப்பில் 'பவுத்திரம்' என்று மட்டும் இருந்ததால், எந்த வகை என்று ஆவணப் பிரிவினர் டாக்டரிடம் திருப்பிக் கேட்டார்களாம். அது அவ்வளவு முக்கியமா?"

முக்கியம்தான். ஐசிடி-10 என்னும் நோய்க் குறியீட்டுப் பட்டியலில் ஆசனவாய்ப் பவுத்திரம் கே60.3, மலக்குடல் பவுத்திரம் கே60.4. அமெரிக்கா தன் பட்டியலில் 2024 அக்டோபர் முதல் எளியதா சிக்கலானதா, புதியதா, ஆறாததா, திரும்ப வந்ததா என்றும் பிரித்துவிட்டது. பவுத்திரம் உள்ளே போகும் பாதை தெரியாமல் இதில் எதையும் நிரப்ப முடியாது.

அந்தப் பாதைதான் அதிசயம். ஆசனவாய்க்குள் சுமார் 2 சென்டிமீட்டர் உள்ளே சிறு சுரப்பி ஒன்று அடைபட்டுச் சீழ் பிடிக்கிறது. சீழ் தசைகளுக்கு இடையே வழி தேடி, வேறெங்கோ தோலில் வாய் திறக்கிறது; அந்த வழியே பவுத்திரம். லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகளில் ஒரு வீட்டுக் குழாய் கசிந்தால் அடுத்த வீட்டுச் சுவர் நனையுமே, அப்படி. நனைந்த இடத்தில் சிமெண்டு பூசிப் பயனில்லை. கசியும் வாயைப் பிடிக்க வேண்டும். ஈரம் சுவரின் அடியோரமாகப் போயிருந்தால் கொத்தித் திறந்துவிடலாம். நடுச்சுவரைத் துளைத்திருந்தால், கொத்துகிறவர் கூரையையும் இறக்கிவிடுவார். இங்கே சுவர், சுருக்குத்தசை. கூரை, மலத்தை அடக்கும் திறன். பாதை வெளிச்சுருக்குத்தசையில் சுமார் 30 விழுக்காட்டுக்குக் கீழே கடந்தால் அது எளிய பவுத்திரம். திறந்துவிட்டால் பெரும்பாலும் ஆறிவிடும். கிளைகள், காசநோய், குரோன் நோய், பெண்களுக்கு முன்புற வாய் என்றால் சிக்கலானது.

வெளிவாயைப் பார்த்தே உள்வாயை ஊகிக்க, லண்டன் அறுவை மருத்துவர் குட்சால் 1900-இல் ஒரு விதி சொன்னார். ஆசனவாயின் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். வெளிவாய் கோட்டுக்கு முன்னே, அருகிலேயே இருந்தால் பாதை நேராக உள்ளே போகும். பின்னே இருந்தால் வளைந்து பின்புற நடுக்கோட்டுக்கு வரும். பின்புறத்தில் இவ்விதி பெரும்பாலும் பலிக்கிறது. முன்புறத்தை அவ்வளவு நம்ப முடியாது. சந்தேகம் இருந்தால் எம்ஆர்ஐ.

வரலாறு வேண்டுமென்றால்: பண்டைய இந்திய மருத்துவர் சுசுருதர் காலத்திலேயே, பாதைக்குள் கட்டும் காரம் பூசிய நூல் (கார நூல்) உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1991-இல் வெளியிட்ட சோதனையில் அந்த நூலுக்குப் பின் 4 விழுக்காட்டினருக்கும், அறுவைக்குப் பின் 11 விழுக்காட்டினருக்கும் நோய் திரும்பியது. நூலில் ஆற அதிக வாரங்கள் பிடித்தன.

'லேசரில் ஒரே நாளில் குணம்' என்னும் விளம்பரங்கள் எந்த வகைப் பவுத்திரத்துக்கு என்று சொல்வதில்லை. குரோன் நோயாளிகளின் சிக்கலான பவுத்திரத்துக்குப் பெரிதாகப் பேசப்பட்ட ஒரு ஸ்டெம் செல் மருந்தே, பெரிய சோதனையில் பலன் நிரூபணமாகாமல் 2024-இல் ஐரோப்பாவில் திரும்பப் பெறப்பட்டது.

ஆகவே குறிப்பில் இருக்க வேண்டியவை: இரு வாய்களும் கடிகார முகப்பில் எந்த மணியில், தசையில் எவ்வளவு கடந்தது, எவ்வளவு வெட்டப்பட்டது, கிளை உண்டா, முன்பு அறுவை நடந்ததா. நோய் திரும்பினால், மிச்சமிருக்கும் தசையில் எவ்வளவு வெட்டலாம் என்பதை அடுத்த மருத்துவர் இதை வைத்தே கணக்கிடுவார்.