பத்தாம்பசலி யார்?

தாராவியில் ஒரு வீடு. பட்டப்படிப்பு முடித்த மகளுக்கு விமான நிலையத்தில் வேலை கிடைத்திருக்கிறது. இரவு நேர வேலை. "அது வேண்டாம்மா" என்கிறார் தந்தை. "அப்பா, நீங்க சுத்தப் பத்தாம்பசலி!" என்கிறாள் மகள். பேச்சு அதோடு நின்றுவிடுகிறது.

தாராவியில் மட்டுமா? செம்பூரிலும் நடக்கும், பெங்களூரிலும் நடக்கும். திட்டுகிறவருக்கும் திட்டு வாங்குகிறவருக்கும் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பது மட்டும் பெரும்பாலும் தெரிவதில்லை.

அக்பர் காலத்துக் கணக்கு

பசலி என்பது ஓர் ஆண்டுக் கணக்கு. அறுவடை, பருவம் என்று பொருள்படும் அரபுச் சொல்லில் இருந்து பிறந்தது. மொகலாயப் பேரரசர் அக்பர் காலத்தில் நிலவரி வசூலுக்காக ஏற்பட்டது. தமிழ்நாட்டில் ஜூலை 1-ந் தேதி புதுப் பசலி தொடங்கும். ஆங்கில ஆண்டில் 590-ஐக் கழித்தால், அந்த ஜூலையில் தொடங்கும் பசலி கிடைக்கும். 2024 ஜூலையில் பிறந்தது 1434-ம் பசலி.

ஊரில் நிலம் உள்ளவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. கிராமக் கணக்கும் ஜமாபந்தியும் இன்றைக்கும் பசலிப்படிதான் நடக்கின்றன.

பத்தாம் பசலி என்றால் பத்தாவது பசலி. என்றோ முடித்து மூடி வைத்த கணக்கு! அதையே இன்னும் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் என்பதுதான் கேலி. யாரோ ஒரு குமாஸ்தா உண்டாக்கிய வசை போலவே தோன்றுகிறது.

"கர்நாடகம்" என்ற சொல்லும் இதே வகை. "அவர் சுத்தக் கர்நாடகம்" என்றால் பழைய பழக்கத்தை விடாதவர் என்று பொருள். மைசூர் மாநிலம் கர்நாடகம் என்று பெயர் மாறியது 1973 நவம்பர் 1-ல்தான். தமிழில் இந்தக் கேலிப் பொருள் அதற்கு முன்பே உண்டு. ஆனால் பெங்களூர் அலுவலகத்தில் ஒருவர் இப்படிச் சொல்லி, பக்கத்து மேஜைக்காரர் முறைத்தால், அகராதியைக் காட்டி விளக்கிக் கொண்டிருக்க முடியுமா? அங்கே நாவை அடக்குவதே நல்லது.

ரோமாபுரி மன்னன்

மும்பையில் இந்தி பேசுகிறவர்கள் இதே ஆளை "தகியானூஸி" என்பார்கள். இந்தச் சொல்லின் கதை சுவையானது. கி.பி. 249 முதல் 251 வரை ரோமாபுரியை ஆண்ட மன்னன் டேசியஸ். தன் நாட்டுத் தெய்வங்களுக்கு எல்லாரும் பலியிட வேண்டும் என்று ஆணையிட்டவன். மறுத்த கிறிஸ்தவர்கள் துன்புறுத்தப்பட்டார்கள். அவனுக்கு அஞ்சி ஏழு இளைஞர்கள் ஒரு குகையில் ஒளிந்து உறங்கிப்போனார்கள் என்றும், மிகப் பல ஆண்டுகள் கழித்து விழித்தார்கள் என்றும் ஒரு பழங்கதை உண்டு. விழித்தவர்களில் ஒருவன் ரொட்டி வாங்கக் கடைக்குப் போய்க் காசை நீட்டுகிறான். அது செத்துப்போன மன்னனின் காசு! ஊரே கூடிவிடுகிறது.

குகையில் உறங்கியவர்களின் வரலாறு திருக்குர்ஆனிலும் இடம்பெற்றிருக்கிறது. டேசியஸ் என்ற பெயர் அரபியில் தகியானூஸ் ஆயிற்று. அவன் காலத்து ஆசாமி தகியானூஸி.

"லகீர் கா பகீர்" என்றும் இந்தியில் சொல்வார்கள். போட்ட கோட்டை விட்டு விலகாதவர். "போன வருஷக் கோப்பில் எப்படி எழுதியிருக்கிறது?" என்று கேட்டு, அதையே திரும்ப எழுதுகிறவர் இல்லாத அலுவலகம் உண்டா?

மராத்தியில் "ஜாபட்பந்த்" என்று ஒரு சொல். வண்டிக் குதிரையின் கண்ணுக்கு இருபுறமும் கட்டும் மறைப்பில் இருந்து வந்தது. நேரே உள்ளது தெரியும், பக்கத்தில் இருப்பது தெரியாது.

கிணற்றுத் தவளை எல்லா மொழிக்கும் பொது. மராத்தி, வங்காளம், மலையாளம் எங்கும் கூபமண்டூகம் உண்டு. 1893 செப்டம்பர் 15-ல் சிகாகோ சர்வமத மகாசபையில் சுவாமி விவேகானந்தர் அந்தத் தவளைக் கதையைச் சொன்னார். கடலில் இருந்து வந்த தவளையிடம், "உன் கடல் என் கிணறு அளவுக்குப் பெரியதா?" என்று கேட்கிறது கிணற்றுத் தவளை. அவர் அமெரிக்கா செல்லப் பணம் திரட்டியவர்களில் முன் நின்றவர் சென்னை அளசிங்கப் பெருமாள்.

வாயை அடைக்கும் சொல்

இனி அந்தத் தாராவி வீட்டுக்கு வருவோம். தந்தை உண்மையில் என்ன நினைத்தார்? கடைசி மின்சார ரயில் போன பிறகு மகள் எப்படி வீடு திரும்புவாள் என்பது அவர் கவலையாக இருக்கலாம். அல்லது, பெண் வேலைக்குப் போவதே பிடிக்காமல் இருக்கலாம். இரண்டும் ஒன்றல்ல. முதலாவதற்குக் கம்பெனி வண்டி உண்டா என்று விசாரித்தால் போதும். இரண்டாவதைத்தான் எதிர்த்து வாதாட வேண்டும். "பத்தாம்பசலி" என்ற ஒரே சொல் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. தந்தையும் சளைத்தவர் அல்ல. "ஆமாம், நான் பத்தாம்பசலிதான், இருந்துட்டுப் போறேன்" என்று அதையே கேடயமாக்கிக் கொள்கிறார். அதன்பின் அவரும் காரணம் சொல்ல வேண்டியதில்லை! நடுவில் வேலையில் சேர வேண்டிய தேதி போய்விடுகிறது.

மதராஸியும் வடக்கத்தியானும்

எதிராளியைக் குறுகிய மனம் படைத்தவர் என்று சொல்ல இத்தனை சொற்கள். குறுகிய மனம் பேசும் சொற்களோ வேறு. அவை சாதாரணப் பெயர் போலவே இருக்கும். 1966-ல் சிவசேனை தோன்றிய பின் பம்பாயில் தென்னிந்தியர்களுக்கு எதிராகக் கிளம்பிய முழக்கங்களை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கட்டிய லுங்கியே வசையாயிற்று. தமிழர், மலையாளி, கன்னடர், தெலுங்கர் எல்லாரும் "மதராஸி" என்ற ஒரே பெயரில் அடங்கினார்கள்.

இன்று திருப்பூரிலும் சென்னையிலும் பீகார், ஒடிசாத் தொழிலாளர்கள் ஏராளம். அத்தனை பேருக்கும் அங்கே ஒரே பெயர், "வடக்கத்தியான்". விடுமுறைக்கு ஊர் திரும்பும் மும்பைத் தமிழரின் காதில், சொந்தத் தம்பியின் வாயில் இருந்தே அது விழுகிறது. அவர் பதில் சொல்வதில்லை. டீக்கடையில் தனியாக நிற்கும் ஒடிசாப் பையனிடம், எந்த ஜில்லா, வீட்டில் எத்தனை பேர் என்று இந்தியில் விசாரிக்கிறார்.