பழைய இரும்பு – 14: எந்தப் பக்கம் சுத்தும்?

போன வாரம் குஜராத்தின் அம்ரேலியில் இருந்தோம். 1994-ல் மன்சுக்பாய் ஜகானி என்பீல்டு புல்லட்டை டீசல் இன்ஜின் உழவு வண்டியாக்கிய கதை. இந்த வாரம் ஆனைமலை. இங்கே வண்டி இருக்கிறது, இன்ஜின்தான் போய்விட்டது.

சக்தி பவர் டில்லர். 1967-ல் தொடங்கிய பெங்களூரு விஎஸ்டி நிறுவனம் ஜப்பானின் மிட்சுபிஷி கூட்டில் செய்த வண்டி. ஆழியாறு பழைய ஆயக்கட்டின் 6,400 ஏக்கரில் சேறடித்த டில்லர்களுக்கு இன்று பெரும்பாலும் தென்னந்தோப்பில்தான் வேலை. மரத்துக்கு மரம் 25 அடி. பெரிய டிராக்டரும் நுழையும்தான். திரும்பும்போது சொட்டுநீர்க் குழாயை நசுக்கிவிடும்.

நான் போனபோது பட்டறை வாசலில் பிளாக் விரிந்த பழைய இன்ஜினும், பக்கத்தில் பச்சை மாறாத ஓர் எஸ் 195 சீன இன்ஜினும் கிடந்தன. இதன் பெயரே ஜாதகம்: 1 சிலிண்டர், விட்டம் 95 மில்லிமீட்டர். 12 குதிரைத்திறன்.

"பழசு பதிமூணு. ஒண்ணு கொறைஞ்சா என்னாயிருங்க?" என்றார் தோப்புக்காரர்.

குதிரைத்திறனில் ஒன்றும் ஆகாது. வம்பு சுற்றில். பழையது நிமிடத்துக்கு 2,400 சுற்று, புதியது 2,000. அப்படியே பெல்ட்டை மாட்டினால் ரோட்டரி ஆறில் ஒரு பங்கு மெதுவாகும். மண் பொலபொலக்காமல் கட்டி கட்டியாகப் புரளும். மெக்கானிக் சிமென்ட் தரையில் சாக்பீஸால் எழுதினார். பழைய புல்லி 5 அங்குலம். 2,400-ஐ 5-ஆல் பெருக்கினால் 12,000. அதை 2,000-ஆல் வகுத்தால் 6. லேத்துக்கு 6 அங்குலப் புல்லி சொல்லியாயிற்று.

அதைவிட முக்கியமான வேலையை அவர் முன்தினமே முடித்திருந்தார்: பழைய இன்ஜினைக் கழற்றும் முன் பிளைவீலில் ஓர் அம்புக்குறி. எந்தப் பக்கம் சுத்துகிறது என்பதற்கு.

"மாறிச் சுத்துனா ரெண்டு ஒயரை மாத்திப் போட்டாப் போச்சுங்களே?"

கேணி மோட்டாரோடு வாழ்ந்த ஊரின் கேள்வி. மூன்று பேஸ் மோட்டாருக்கு அது சரி.

"இது மோட்டார் இல்லைங்கண்ணா. கேம் சாஃப்ட் ஒரே பக்கத்துக்குத்தான் கடைஞ்சிருக்குது. மாறிச் சுத்துனா ஆறு முன் கியரும் ரிவர்ஸ் ஆயிரும், ரிவர்ஸ் ரெண்டும் முன்னால போகும்."

தோப்புக்காரர் சிரித்தார். எனக்கு அந்த வண்டியை ஒரு நாள் ஓட்டிப் பார்க்க ஆசையாக இருந்தது.

அம்புக்குறி ஒத்துப்போனது. இன்ஜினைச் சட்டத்தில் வைத்தார்கள். போல்ட் துளைகள் ஒன்றுகூடச் சேரவில்லை. இடையில் ஒரு கனத்த தகடு வெட்டி, புதுத் துளை போட்டு, பெல்ட் இழுக்க அதை நீள்துளையாக்கி... அதிலேயே பாதி நாள் போயிற்று.

மாலையில் இரு புல்லிகளின் முகப்பிலும் ஒரு சணல் நூலை இழுத்துப் பிடித்தார். நாலு இடத்திலும் நூல் தொட வேண்டும். மூன்றில் தொட்டது. நாலாவதில் ஒரு தீக்குச்சி நுழைந்தது. ஸ்பானரை எடுத்து, இறுக்கிய போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்த ஆரம்பித்தார். தோப்புக்காரர் டீ சொல்லப் போனார்.