சீன எழுத்தில் பொருளும் ஒலியும்

சீன எழுத்துகள் யாவும் சித்திரங்களே என்றும், இரு சித்திரங்களை இணைத்தால் புதியதொரு கருத்து பிறந்துவிடும் என்றும் ஓர் எண்ணம் கற்றறிந்தோரிடையேயும் நிலவுகிறது. அதில் ஒரு பகுதியே உண்மை. மரத்தைக் குறிக்கும் வடிவத்தின் அருகில் மனித வடிவத்தை எழுதினால் 'சியூ' என்னும் எழுத்து ஆகிறது. அதன் பொருள் இளைப்பாறுதல். ஞாயிறும் திங்களும் சேர்ந்தால் 'மிங்', அதாவது ஒளி. மரத்தை இருமுறை எழுதினால் தோப்பு; மும்முறை எழுதினால் அடர்ந்த காடு.

கி.பி. 100ஆம் ஆண்டளவில் ஷூ ஷென் என்னும் அறிஞர் 9,353 எழுத்துகளை 540 மூல உறுப்புகளின் கீழ் வகைப்படுத்தி அகராதி ஒன்றைத் தொகுத்தார். எழுத்துகளின் அமைப்பை ஆறு வகையாக அவர் விளக்கினார். மேலே கண்ட கருத்துச் சேர்க்கை அவற்றுள் ஒன்று மட்டுமே.

இச்சேர்க்கையில் வழுக்கி விழும் இடமும் உண்டு. போர்த்திறத்தைக் குறிக்கும் 'வூ' என்னும் எழுத்தில் ஓர் ஆயுதமும், 'நிறுத்து' எனப் பொருள்படும் வடிவமும் காணப்படுகின்றன. ஆயுதத்தைத் தடுத்து நிறுத்துவதே வீரம் என்ற பழைய விளக்கத்தை ஷூ ஷென்னும் ஏற்றார். கேட்பதற்கு எத்துணை இனிமை! ஆனால் அவர் காணாத, அவருக்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முந்திய எலும்புப் பொறிப்புகள் 1899க்குப் பின் ஆய்வுக்கு வந்தன. அவற்றில் அவ்வடிவம் பாதத்தின் படமாகவே இருக்கிறது. எனவே ஆயுதம் ஏந்தி நடத்தல் என்பதே மூலப்பொருள் என இன்றைய ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அரபு வேர்ச்சொற்களுக்கு மனம்போனபடி நயம் உரைக்கும் மேடைப் பேச்சாளர்கள் இவ்விடத்தில் என் நினைவுக்கு வருவதுண்டு.

உண்மையில், பத்தில் எட்டுக்கும் மேற்பட்ட எழுத்துகள் வேறு முறையில் அமைந்தவை. ஓர் உறுப்பு பொருளின் இனத்தைச் சுட்டும். மற்றது ஒலியைத் தரும். தாயைக் குறிக்கும் 'மா' என்னும் எழுத்தில் பெண்ணும் குதிரையும் உள்ளன. தாய்க்கும் குதிரைக்கும் என்ன உறவு? எதுவுமில்லை. குதிரைக்கும் 'மா' என்றே பெயர். அது ஒலிக்காக மட்டும் வந்து நிற்கிறது.

நீலமும் பசுமையும் கலந்த நிறத்தைக் குறிக்கும் 'சிங்' இதற்குச் சிறந்த சான்று. அதனுடன் ஞாயிற்றைச் சேர்த்தால் மேகமற்ற வானம். இதயத்தைச் சேர்த்தால் உணர்ச்சி. பேச்சைச் சேர்த்தால் வேண்டுகோள். நீரைச் சேர்த்தால் தெளிவு. உச்சரிப்பு எல்லாவற்றிலும் 'சிங்' தான், தொனி மட்டும் வேறுபடும். அரபில் க-த-ப என்ற வேரிலிருந்து கிதாப், காதிப், மக்தப் என்பன கிளைக்கும்போது எழுதுதல் என்ற கருத்து எல்லாவற்றிலும் தொடர்கிறது. சீனத்தில் அவ்வாறன்று, ஒலி பொதுவாக இருக்க, பொருள்கள் தத்தம் வழியே செல்கின்றன.

இம்முறை பழங்கதையாகிவிடவில்லை. 1871இல் ஷாங்காயில் வேதியியல் நூலொன்றை மொழிபெயர்த்த ஷூ ஷோவும் ஆங்கிலேயரான ஜான் ஃப்ரையரும், புதிய உலோகங்களுக்கு உலோக உறுப்போடு ஓர் ஒலி உறுப்பைச் சேர்த்தே பெயரிட்டனர்.

நீரோடு சேர்ந்த அந்தச் 'சிங்' சீன முஸ்லிம்களுக்கு மிக நெருக்கமானது. தூய்மையும் உண்மையும் என்று பொருள்படும் 'சிங்ஜென்' என்ற தொடரின் முதலெழுத்து அது. பள்ளிவாசலை அவர்கள் 'சிங்ஜென் ஸு' என்பர். ஹலால் உணவகங்களின் பெயர்ப்பலகையிலும் இதே தொடர் காணப்படும். சீனம் அறியாதவரும் அவ்வெழுத்தின் இடப்புறத்தில் நீரைக் குறிக்கும் மூன்று துளிகளைக் கண்டுகொள்ளலாம்.