சல்வாரில் மோதிய கவிதா: சின்ன ரிங்கில் இருந்து டபிள்யூ.டபிள்யூ.இ.க்கு போனது எப்படி?

பெரம்பலூர்:
பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் டபிள்யூ.டபிள்யூ.இ. குஸ்தி என்றால் தெரியாத பிள்ளைகள் குறைவு. ஒரு காலத்தில் பெட்டிக்கடையில் டிரம்ப் கார்டு வாங்கி, அண்டர்டேக்கர் உயரம் எவ்வளவு, பிக் ஷோ எடை எவ்வளவு என்று போட்டி போட்ட பையன்கள் இன்று பிள்ளை பெற்ற அப்பாக்கள். அவர்கள் வீட்டு பெண் பிள்ளைகளும் இப்போது செல்போனில் அதே சண்டையை பார்க்கிறார்கள். "நானும் இதுல சேர முடியுமாப்பா?" என்று மகள் கேட்டால், என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் அப்பா முழிக்க வேண்டியதுதான்.

இதற்கு பதில் தெரிய வேண்டும் என்றால் அரியானாவை சேர்ந்த கவிதா தேவியின் கதையை தெரிந்துகொள்ள வேண்டும். கவிதா தலால் என்றும் இவரை அழைப்பார்கள். டபிள்யூ.டபிள்யூ.இ.யில் ஒப்பந்தம் போட்ட முதல் இந்திய பெண் இவர்தான்.

முதலில் தூக்கியது பளு

அரியானா மாநிலம் ஜிந்த் மாவட்டத்தில் உள்ள மால்வி கிராமம்தான் கவிதாவின் சொந்த ஊர். விவசாயத்தை நம்பி இருக்கும் ஊர். கவிதா நேராக குஸ்திக்கு வந்துவிடவில்லை. பளு தூக்கும் வீராங்கனையாகத்தான் வாழ்க்கையை தொடங்கினார். எஸ்.எஸ்.பி. என்கிற எல்லை காவல் படையில் வேலை கிடைத்தது. பிறகு அந்த வேலையை விட்டார்.

கல்யாணம் ஆச்சு, குழந்தையும் பிறந்தது. இனி விளையாட்டே வேண்டாம் என்று ஒதுங்கிவிடலாமா என்றுகூட நினைத்திருக்கிறார். ஆனால் ஒதுங்கவில்லை. 2016-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் அசாம் மாநிலம் கவுகாத்தியில் நடந்த தெற்காசிய விளையாட்டு போட்டியில் 75 கிலோ எடைப்பிரிவில் தங்கப்பதக்கம் வாங்கினார். குழந்தை பெற்ற பிறகு கிடைத்த தங்கம் இது.

அதே ஆண்டு பஞ்சாப் மாநிலம் ஜலந்தரில் 'தி கிரேட் காளி' நடத்தும் குஸ்தி பள்ளியில் சேர்ந்தார். 7 அடி உயர காளியை நம்மூரு ஆட்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 2006-ல் டபிள்யூ.டபிள்யூ.இ.க்கு போய், 2007-ல் உலக ஹெவிவெயிட் பட்டம் வென்றவர் அவர். 2015-ல் ஜலந்தரில் இந்த பள்ளியை தொடங்கினார்.

கூட்டத்தில் இருந்து எழுந்து வந்த பெண்

2016-ல் ஒரு வீடியோ நாடு முழுக்க பரவியது. காளியின் ரிங்கில் பி.பி.புல் புல் என்ற வீராங்கனை மைக் பிடித்து, "என்னோட மோத தைரியம் இருக்குறவங்க வரலாம்" என்கிற தோரணையில் சவால் விடுகிறார். பார்வையாளர் கூட்டத்தில் இருந்து சல்வார் கமீஸ் போட்ட ஒரு பெண் எழுந்து வருகிறார். புல் புல்லை தூக்கி போட்டு பந்தாடுகிறார். அந்த பெண்தான் கவிதா. லட்சக்கணக்கானோர் அதை பார்த்து ரசித்தார்கள்.

அது முன்கூட்டியே பேசி வைத்த காட்சிதான். ஆனால் சவால் விட்டு மோதும் வழக்கம் நம் நாட்டுக்கு புதிதல்ல. உத்தரபிரதேசத்தை சேர்ந்த ஹமீதா பானு என்ற பெண் பயில்வான், "என்னை ஜெயிக்கிற ஆம்பளையை கல்யாணம் பண்ணிக்கிறேன்" என்று 1954-ல் சவால் விட்டு ஆண்களோடு மோதினார். அந்த ஆண்டு மே மாதம் பரோடாவில் பாபா பயில்வான் என்பவரை 1 நிமிடம் 34 வினாடியில் வீழ்த்தினார். 2024 மே 4-ந்தேதி கூகுள் நிறுவனம் தன் முகப்பு பக்கத்தில் ஹமீதாவின் படத்தை போட்டு கவுரவித்தது.

துபாயில் நடந்த தேர்வு

சின்ன கம்பெனியில் இருந்து பெரிய கம்பெனிக்கு போக சிபாரிசு மட்டும் போதாது. ஆள் எடுப்பு முகாம் நடக்கும். ஓட்டம், தண்டால், ரிங்கில் விழுந்து எழும் பயிற்சி என்று பெண்டு கழற்றிவிடுவார்கள். மைக் பிடித்து பேசவும் சொல்வார்கள். பேச தெரியாதவரை வைத்து அங்கே டிக்கெட் விற்க முடியாது. 2017-ல் துபாயில் நடந்த முகாமில் கவிதா கலந்துகொண்டார்.

அதில் தேறியதால், அதே ஆண்டு அமெரிக்காவில் 32 வீராங்கனைகள் கலந்துகொண்ட 'மே யங் கிளாசிக்' போட்டியில் வாய்ப்பு வந்தது. முதல் சுற்றிலேயே நியூசிலாந்தின் டகோடா காயிடம் தோற்றார். ஆனால் அங்கேயும் சல்வார் கமீஸ் போட்டுக்கொண்டுதான் ரிங்கில் ஏறினார். தோற்றாலும் எல்லோரும் அவரை பற்றித்தான் பேசினார்கள்.

2017 அக்டோபரில் டெல்லி வந்த அப்போதைய சாம்பியன் ஜிந்தர் மகால், கவிதா ஒப்பந்தம் ஆன செய்தியை அறிவித்தார். அதன்பிறகு அமெரிக்காவின் ஆர்லண்டோ நகரில் உள்ள கம்பெனியின் பயிற்சி மையத்துக்கு கவிதா போனார். 2018 ஏப்ரல் 8-ந்தேதி ரெஸில்மேனியா மேடையில் பல வீராங்கனைகள் ஒரே நேரத்தில் மோதிய பெண்கள் போட்டியில் களம் இறங்கினார். அந்த மேடையில் மோதிய முதல் இந்திய பெண் என்ற பெயரும் கிடைத்தது.

பெண்கள் சண்டைக்கு அப்போதுதான் அங்கே மவுசு கூடியிருந்தது. 2016 வரை பெண்களை 'திவா' என்றுதான் கம்பெனி அழைத்தது. அந்த ஆண்டுதான் ஆண்களை போல பெண்களையும் 'சூப்பர் ஸ்டார்' என்று மாற்றினார்கள். 2019-ல் ரெஸில்மேனியாவின் கடைசி, பெரிய சண்டையே பெண்கள் சண்டையாக அமைந்தது.

ஒரிஜினலா, டூப்பா?

டீக்கடையில் எப்போதும் ஓடும் பட்டிமன்றம் இது. யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே முடிவு செய்யப்படுகிறது. இது ரகசியம் அல்ல. 1989-லேயே அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், இது விளையாட்டு போட்டி அல்ல, பொழுதுபோக்கு நிகழ்ச்சி என்று கம்பெனியே ஒப்புக்கொண்டது. விளையாட்டு என்றால் அரசின் கட்டுப்பாடும் கட்டணமும் வரும் என்பதால் வந்த வாக்குமூலம் அது.

ஆனால் விழுவது பொய் இல்லை. ரிங்கின் துணிக்கு கீழே மெல்லிய பஞ்சு, அதற்கு கீழே பலகை, அதற்கும் கீழே இரும்பு சட்டம். அதன் மேல் முதுகு அடிக்க விழ வேண்டும். தாடையை நெஞ்சோடு ஒட்டி, தலை தரையில் படாமல் விழுவதை கற்றுக்கொள்ளவே மாதக்கணக்கில் ஆகும். பயிற்சி இல்லாத பையன்கள் பள்ளிக்கூடத்தில் ஒருவரை ஒருவர் தூக்கி போட்டால் கழுத்தெலும்பு போய்விடும். சினிமா சண்டைக்காரர் மாடியில் இருந்து குதிப்பதை பார்த்து வீட்டு பிள்ளை குதிக்கலாமா? அதே கதைதான்.

காண்டிராக்ட் வேலை மாதிரிதான்

அரியலூர் சிமெண்ட் ஆலை பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். பெர்மனென்ட் தொழிலாளி வேறு, காண்டிராக்ட் தொழிலாளி வேறு. டபிள்யூ.டபிள்யூ.இ. தன் வீரர்களை நிரந்தர ஊழியர் என்று சொல்வதில்லை. 'சுயேச்சை ஒப்பந்ததாரர்' என்றுதான் எழுதி வாங்குகிறது. ரிங்கில் அடிபட்டால் வைத்தியம் பார்க்கும். மற்றபடி குடும்பத்துக்கான மருத்துவ இன்சூரன்சை வீரர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் இதை பற்றி பல ஆண்டுகளாக சர்ச்சை நடக்கிறது.

சின்ன கம்பெனியில் ஒரு ஷோவுக்கு இவ்வளவு என்று கூலி. ஷோ இல்லாத வாரம் காசு இல்லை. துணிமணி, பஸ் செலவு எல்லாம் கைக்காசு. பெரிய கம்பெனிக்கு போனால் நிலையான வருமானம், நல்ல பயிற்சி, உலகம் முழுக்க முகம் தெரியும். அதற்கு பதிலாக சுதந்திரம் போய்விடும். வேறு கம்பெனியில் மோதக்கூடாது. கம்பெனி வைக்கும் பெயரில் சண்டை போட்டால் அந்த பெயர் பெரும்பாலும் கம்பெனிக்கே சொந்தம். வெளியே வந்தால் புது பெயரில் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஒப்பந்த காலம் முடிவதற்கு முன்பே ஆளை அனுப்பவும் கம்பெனிக்கு உரிமை உண்டு. கவிதாவுக்கு அதுதான் நடந்தது. 2021 மே மாதம் பல வீரர்களோடு சேர்த்து அவரையும் டபிள்யூ.டபிள்யூ.இ. விடுவித்தது. சுமார் மூன்றரை வருடம்தான். பெரிய பட்டம் எதுவும் கைக்கு வரவில்லை.

ஒரே தொகுதியில் 2 வீராங்கனைகள்

ஊர் திரும்பிய கவிதா 2021-லேயே ஆம் ஆத்மி கட்சியில் சேர்ந்தார். 2024 அரியானா சட்டசபை தேர்தலில் சொந்த பகுதியான ஜுலானா தொகுதியில் நின்றார். அவருக்கு எதிரே காங்கிரஸ் சார்பில் நின்றவர் யார் தெரியுமா? பாரீஸ் ஒலிம்பிக்கில் 100 கிராம் எடை கூடியதால் இறுதிப்போட்டிக்கு முன் தகுதி நீக்கம் செய்யப்பட்ட வினேஷ் போகத்.

அக்டோபர் 8-ந்தேதி ஓட்டு எண்ணியபோது வினேஷ் 6 ஆயிரத்து 15 ஓட்டு வித்தியாசத்தில் பா.ஜ.க. வேட்பாளரை தோற்கடித்தார். கவிதாவுக்கு கிடைத்தது 1,280 ஓட்டுகள். டி.வி. ரிங்கில் உலகம் பார்த்த முகத்தைவிட, ஒலிம்பிக் மேட்டில் விளையாடிய முகத்துக்குத்தான் அந்த மண்ணில் ஓட்டு விழுந்தது. கட்சி செல்வாக்கும் ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது.

நம்ம ஊர் பிள்ளைகளுக்கு வழி என்ன?

மகள் ஆசைப்பட்டால் வைய வேண்டாம். ஆனால் நேராக டி.வி. குஸ்திக்கு கிளம்பவும் வேண்டாம். கவிதா போன பாதையை பாருங்கள். முதலில் ஒரு அசல் விளையாட்டு, அதில் பதக்கம், அதன் பிறகுதான் ரிங்.

பெரம்பலூரில் மாணவிகளுக்கும், அரியலூரில் மாணவர்களுக்கும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகள் உள்ளன. தேர்வானால் தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அரசு செலவு. ஒவ்வொரு விடுதியிலும் எந்தெந்த விளையாட்டு, தேர்வு எப்போது என்பதை மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்டு தெரிந்துகொள்ளலாம். அரியலூரை சேர்ந்த ஆக்கி வீரர் கார்த்தி செல்வம், கோவில்பட்டி விடுதியில் தங்கி விளையாடித்தான் இந்திய அணிக்கு போனார். 2023-ல் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை வென்ற அணியில் அவரும் இருந்தார்.

கவிதா தொடங்கிய பளு தூக்குதலில் தமிழ்நாடும் சளைத்தது இல்லை. வேலூரை சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் தங்கம் வென்றவர். அசல் விளையாட்டில் இன்னொரு லாபமும் உண்டு. தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. டி.வி. குஸ்தி சர்டிபிகேட் அதற்கு செல்லாது.

முன்பணம் கேட்டால் உஷார்

வெளிநாட்டு வேலைக்கு ஏஜெண்டிடம் பணம் கட்டி ஏமாந்த கதைகள் இந்த 2 மாவட்டத்துக்கும் புதிதல்ல. அதே பாடம் இங்கேயும் பொருந்தும். "பெரிய குஸ்தி கம்பெனியில சேர்த்து விடுறேன்" என்று யாராவது செல்போனில் பேசி முன்பணம் கேட்டால் ஒரு ரூபாய்கூட அனுப்பக்கூடாது. ஆள் எடுப்பு என்றால் கம்பெனியின் சொந்த இணையதளத்தில் அறிவிப்பு வரும். பணத்தை அனுப்பி ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

ஒப்பந்த பத்திரம் நீட்டினால், எத்தனை வருடம், அடிபட்டால் செலவு யாருடையது, பாதியில் அனுப்பினால் என்ன கிடைக்கும், பெயர் யாருக்கு சொந்தம் ஆகிய 4 கேள்விக்கும் எழுத்தில் பதில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்து போட வேண்டும். 18 வயது ஆகாத பிள்ளை என்றால் பெற்றோரே வக்கீல் ஒருவரிடம் காட்டிவிடுவது நல்லது.

கவிதாவின் குஸ்தி ஒப்பந்தம் மூன்றரை வருடத்தில் முடிந்துபோனது. ஆனால் கவுகாத்தியில் வாங்கிய தங்கம் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது என்பது குறிப்பிடத்தக்கது.