நாத்திகரின் மரணப் படுக்கையருகே

“சாமி, கருஞ்சட்டைக்காரரான என் அண்ணன் சாகக் கிடக்கிறார். கடவுள் இல்லை என்றே இன்னும் சொல்கிறார். அவருக்கு என்னதான் ஆறுதல்?” சம்பா நடவு முடிந்த ஒரு மாலையில் தாய் ஒருவர் கண்ணீருடன் கேட்டார். செபமாலையும் கருஞ்சட்டையும் ஒரே வீட்டில் இருக்கும் தஞ்சைத் தரணியில் இது புதிய கேள்வியன்று.

பெரியார் ஈ.வெ.ராமசாமி அவர்களின் இறுதி நாட்களை எண்ணிப் பார்ப்போம். 1973 டிசம்பர் 19 அன்று சென்னைத் தியாகராய நகரில் கடைசியாகப் பேசினார். வயது 94. உடல் வேதனையையும் பொருட்படுத்தாது, பிறப்பினால் சுமத்தப்பட்ட இழிவு நீங்கவேண்டும் என்றே முழங்கினார். ஐந்தாம் நாள், டிசம்பர் 24-இல், வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவமனையில் உயிர்நீத்தார். கிறிஸ்து பிறப்பு விழாவன்று சென்னைப் பெரியார் திடலில் அடக்கம் செய்யப்பட்டார்.

மோட்சத்தை எதிர்பாராத அவர் எதற்காக அவ்வாறு உழைத்தார்? தமக்குப் பின் வாழ்வோரின் மானத்திற்காக. தாம் காணப்போகாத அறுவடைக்கு நாற்று நடுபவரின் மனநிறைவு அது. அதை நாம் இகழலாகாது.

நாத்திகம் தோன்றுவதில் விசுவாசிகளின் குறைகளுக்கும் பங்குண்டு என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ஆம் ஆண்டிலேயே ஒப்புக்கொண்டது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தைப் பிரித்து எழுந்த சாதிச் சுவர் நாடறிந்தது. உயிர்ப்பை அறிக்கையிடும் நாம் இறந்தோரிடையே சுவர் எழுப்பினோம். அதை நம்பாதவரோ மனித சமத்துவத்திற்காக இறுதிவரை பேசினார். இதை எண்ணி நாம் நாணவேண்டாமா?

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. 1968 டிசம்பர் 25 இரவில், அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழவெண்மணியில், கூலி உயர்வுப் போராட்டத்தின் பகையால் 44 பேர் குடிசையில் எரிந்து மாண்டனர். பின்வரும் தலைமுறை நலமாக வாழலாம். மாண்ட அக்குழந்தைகளுக்கு நீதி எங்கே? சாவுக்கு அப்பாலும் இறைவன் அவர்களை மறக்கவில்லை என்பதே நமது நம்பிக்கை. நாத்திகர் போற்றும் நன்மையை அது அழிப்பதில்லை, நிறைவாக்குகிறது.

அந்தத் தாய்க்கு நான் சொன்னது இதுவே: “அண்ணனிடம் வாதாடாதீர்கள், அச்சுறுத்தாதீர்கள். கஞ்சி ஊட்டுங்கள், கையைப் பற்றிக்கொண்டு அருகில் இருங்கள். அவர் யாருக்காக உழைத்தார் என்று சொல்லச் செய்து கேளுங்கள். அவருக்காகச் செபியுங்கள். தீர்ப்பை இறைவனிடம் விட்டுவிடுங்கள். அன்பை மட்டும் அவரிடம் விட்டுவிட்டு நீங்கள் ஒதுங்கிவிடாதீர்கள்.”