மேட்டில் நின்றுபோகும் காற்று

அரைத்தொலைவு டிரையத்லான் என்பது 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம் ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டிய பந்தயம். மொத்தம் 113 கிலோமீட்டர். மைல் கணக்கில் 70.3. அந்த எண்ணே இவ்வகைப் போட்டிகளின் பெயராகவும் நிலைத்துவிட்டது. தூரம் எந்த ஊரிலும் மாறுவதில்லை. ஆனால் குளிர்ந்த சமவெளியில் ஆறு மணி நேரத்தில் முடித்த ஒருவர், மேடும் வெயிலும் சேர்ந்த பாதையில் ஏழு மணி நேரம் எடுத்துக்கொள்ளலாம். பாதியிலேயே உட்கார்ந்தும் விடலாம். மேட்டின் கடுமையையும் வெயிலின் கடுமையையும் தனித்தனியே அளந்து கூட்டினால் இந்த வேறுபாட்டுக்குக் கணக்கு சரிவராது. உடல் மிக அதிகமாகச் சூடாகும் இடத்தில்தான் அதைத் தணிக்கும் காற்றை மேடு பறித்துக்கொள்கிறது. இத்தகைய பாதையின் எல்லாத் தொல்லைகளும் இந்த ஒரே இடத்திலிருந்துதான் கிளைக்கின்றன.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு கரீபியன் கடலில் உள்ள செயின்ட் கிராய் தீவு. 1917இல் டென்மார்க்கிடமிருந்து அமெரிக்கா விலைக்கு வாங்கிய வர்ஜின் தீவுகளில் பெரியது இது. 1980களின் இறுதியில் தொடங்கிய இத்தீவின் டிரையத்லான், உலகின் கடினமான அரைத்தொலைவுப் பாதைகளில் ஒன்று என்று பெயரெடுத்தது. போட்டி மே மாதத் தொடக்கத்தில் நடந்துவந்தது. தீவு ஏறக்குறைய 18 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால், அந்த நாட்களில் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்துவிடும். ஓடுபவரின் நிழல் அவர் காலடிக்குள்ளேயே ஒடுங்கிக் கிடக்கும். சாலையோர மரங்களும் சாலைக்கு நிழல் தருவதில்லை.

கிறிஸ்டியன்ஸ்டெட் நகரின் துறைமுகத்துக்குள் இருக்கும் குட்டித் தீவு ஒன்றிலிருந்து நீச்சல் தொடங்கியது. கடல் நீர் 26, 27 டிகிரி செல்சியஸ் இருக்கும். அயர்ன்மேன் என்ற டிரையத்லான் தொடரின் விதிகளின்படி நீர் 24.5 டிகிரிக்கு மேல் போனால், ரப்பர் நீச்சலுடை அணிந்தவர் பரிசுக்கு உரியவர் ஆகமாட்டார். அந்த உடை தரும் மிதப்பை நம்பிப் பழகியவர்களுக்குச் சில நிமிடங்கள் கூடுதலாகும். அதைவிடக் கவனிக்க வேண்டியது, வெதுவெதுப்பான நீரில் நீந்தும்போதும் உடல் வியர்க்கிறது என்பது. நனைந்த தோலில் வியர்வை தெரியாததால், கரையேறும் பலர் தாங்கள் நீரிழந்திருப்பதையே உணர்வதில்லை.

சைக்கிளில் ஏறியதும் உடலின் வெப்பக் கணக்கு தொடங்குகிறது. மனிதத் தசை, தான் எரிக்கும் ஆற்றலில் நாலில் ஒரு பங்கைக்கூட முழுதாகப் பெடலுக்குக் கொடுப்பதில்லை, மீதி வெப்பமாகிறது. 200 வாட் திறனில் மிதிப்பவரின் உடலில் ஏறத்தாழ 700 வாட் வெப்பம் உண்டாகிறது. ஒரு சிறிய இஸ்திரிப் பெட்டியை வயிற்றுக்குள் விடாமல் எரியவிட்டது போன்ற நிலை அது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தைக் கொண்டுபோகும். ஆகவே அந்த 700 வாட்டை வியர்வையால் மட்டுமே வெளியேற்றுவதானால் மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல் வியர்வை போதும்.

இங்கே ‘ஆவியானால்’ என்ற சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. மண்பானைத் தண்ணீர் காற்றோட்டமான திண்ணையில் சில்லென்று இருக்கும். மழைக்கால மூடிய அறையில் அப்படி இருக்காது. தோலும் பானையைப் போன்றதுதான். காற்று வீச வேண்டும், அந்தக் காற்று உலர்ந்திருக்கவும் வேண்டும். சமதளத்தில் மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சைக்கிள் தனக்கு வேண்டிய காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. முதல் 30 கிலோமீட்டரில் செயின்ட் கிராயின் வெயில் பெரிதாகத் தெரியாமல் இருப்பதற்கு அதுவே காரணம். அந்த இதத்தை நம்பி வேகம் கூட்டியவர்கள் அடுத்த மேட்டில் அதற்கு விலை கொடுக்கிறார்கள்.

அந்த மேட்டுக்குத் தீவில் வழங்கும் பெயர் ‘தி பீஸ்ட்’, அதாவது மிருகம். சைக்கிள் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கடந்தபின், வடகரைச் சாலையிலிருந்து திடீரென்று நிமிர்கிறது. ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் ஏறத்தாழ 180 மீட்டர் உயரம். சராசரிச் சரிவு 14 சதவீதம். சில வளைவுகளில் 20ஐத் தாண்டும்.

இதில் கியர் எவ்வளவு முக்கியம் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஓட்டுபவர், சைக்கிள், தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்ந்து 83 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 60 சுற்றுக்குக் கீழே மிதித்தால் முழங்காலுக்குப் பாரம் கூடும் என்பதால் 60 சுற்று என்றே கொள்ளலாம். முன்னால் 39 பல், பின்னால் 25 பல் உள்ள கியரில் இந்தச் சுற்றுக்கு மணிக்கு 11.8 கிலோமீட்டர் வேகம் வரும். 14 சதவீத மேட்டில் அந்த வேகத்துக்கு ஏறக்குறைய 380 வாட் வேண்டும். சாதாரணப் போட்டியாளரால் அதைச் சில நிமிடங்களுக்கு மேல் தாங்க முடியாது. முன்னால் 34, பின்னால் 28 என்றால் தேவை 300 வாட்டாகக் குறைகிறது. பின்னால் 32 பல் இருந்தால் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் 260 வாட் போதும். மேடும் மாறவில்லை, ஆளும் மாறவில்லை. பின்சக்கரத்தில் ஏழு பற்கள் கூடியதும் முன்னால் ஐந்து பற்கள் குறைந்ததும் 120 வாட்டை மிச்சப்படுத்துகின்றன. எடை குறைந்த சக்கரத்துக்குப் பெருந்தொகை செலவழிப்பவர்கள் முதலில் வாங்க வேண்டியது பெரிய பின்பல்சக்கரம்தான். இறங்கித் தள்ளிக்கொண்டு போவதும் விதிக்கு உட்பட்டதே.

வெப்பக் கணக்கு இதைவிடக் கடுமையானது. 300 வாட்டில் ஏறும் உடலில் ஆயிரம் வாட்டுக்குமேல் வெப்பம் உண்டாகிறது. வேகமோ மணிக்கு 9 கிலோமீட்டர். முகத்தில் காற்றே இருக்காது. நெற்றியில் ஊறும் வியர்வை ஆவியாகாமல் மூக்கு நுனியிலிருந்து கைப்பிடியில் சொட்டும். அப்படிச் சொட்டும் துளி உடலிலிருந்து நீரையும் உப்பையும் கொண்டுபோகிறதே தவிர வெப்பத்தைக் கொண்டுபோவதில்லை. உண்டாகும் வெப்பத்தில் பாதி உள்ளேயே தங்கினால், எட்டு நிமிட ஏற்றத்தில் உடலின் வெப்பநிலை ஏறத்தாழ ஒரு டிகிரி உயர்ந்துவிடும். அந்த ஒரு டிகிரி உச்சியில் உடனே இறங்கிவிடாது. அதைத் தணிக்க ரத்தம் தோலுக்குத் திருப்பப்படுகிறது, அதே வேகத்துக்கு இதயம் அதிகம் துடிக்க வேண்டியிருக்கிறது, தசைகள் சேமித்த சர்க்கரையை வேகமாகச் செலவழிக்கின்றன.

இறக்கம் ஓய்வு தரும் என்று எதிர்பார்ப்பதும் ஓரளவுக்குத்தான் சரி. காற்று கிடைக்கும், உடல் குளிரும். ஆனால் தெரியாத சாலையின் வளைவுகளில் இரு கைகளும் பிரேக்கிலேயே இருப்பதால் குடிக்கக் கை ஒழியாது. சமதளத்துக்கு வந்தபின் தீவின் வாணிபக் காற்று காத்திருக்கிறது. அது கிழக்கிலிருந்து வீசுவது. கிழக்கு நோக்கித் திரும்பும் ஒவ்வொரு நீட்டமும் எதிர்க்காற்றுதான். கால்களுக்குச் சுமையாக இருக்கும் அந்தக் காற்று தோலுக்கு நன்மை செய்கிறது. அதனோடு மல்லுக்கட்டி வேகத்தைக் காப்பாற்ற முயல்வதைவிட, குனிந்து சீராக மிதித்து, குடித்து, சாப்பிட்டு முடிப்பதே புத்திசாலித்தனம்.

எவ்வளவு குடிப்பது என்பதற்குப் பொதுவான அளவு கிடையாது. ஒவ்வொருவரும் தம் வியர்வையைத் தாமே அளந்துகொள்ள வேண்டும். வழி எளிது. பந்தய வெயிலைப் போன்ற வெயிலில் ஒரு மணி நேரம் பயிற்சி செய்வதற்கு முன்னும் பின்னும் எடை பார்க்க வேண்டும். 70 கிலோ 68.9 ஆகி, இடையில் அரை லிட்டர் குடித்திருந்தால், வியர்வை 1.6 லிட்டர். அந்த 1.6 லிட்டரையும் குடித்தே ஈடுகட்டுவது பெரும்பாலோருக்கு இயலாது, தேவையும் இல்லை. இரைப்பை மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டரைத்தான் கடத்தும். உப்பும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஒரு லிட்டர் வியர்வையில் 200 மில்லிகிராம் சோடியம் இழப்பவரும் உண்டு, 2,000 மில்லிகிராம் வரை இழப்பவரும் உண்டு.

பயத்தில் அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்தே. 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களிடம் இது அதிகம் காணப்பட்டது. தலைவலி, குமட்டல், குழப்பம் என்று இதன் அறிகுறிகள் நீரிழப்பைப் போலவே தோன்றுவதால், தெரியாமல் இன்னும் தண்ணீர் கொடுத்துவிடும் ஆபத்து உண்டு.

சாப்பாட்டிலும் மேட்டின் கை உண்டு. மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து என்பது நெடுந்தூரப் பந்தயங்களின் வழக்கம். குளுக்கோசும் ஃபிரக்டோசும் குடலில் வெவ்வேறு வாசல்கள் வழியே நுழைவதால், இரண்டும் கலந்தால்தான் மேல் அளவை எட்ட முடியும். ஆனால் ரத்தம் தோலுக்கும் தொடைக்கும் பகிர்ந்துபோனபின் குடலுக்கு வருவது குறைவு. ஏற்றத்துக்குச் சற்று முன் விழுங்கிய கெட்டியான ஜெல் வயிற்றில் கல்லாக உட்கார்ந்துவிடும். முந்தைய சமதளத்திலேயே தண்ணீரோடு சாப்பிட்டு முடித்தவருக்கு அந்தத் தொல்லை குறைவு.

செயின்ட் கிராயில் ஓட்டம் நண்பகலை ஒட்டித் தொடங்கியது. கிறிஸ்டியன்ஸ்டெட்டிலிருந்து கிளம்பி, ஒரு விடுதியின் கோல்ஃப் மைதான மேடுபள்ளங்களில் ஏறி இறங்கித் திரும்பும் பாதையை இருமுறை சுற்ற வேண்டியிருந்தது. 73 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் 850 வாட் அளவுக்கு ஆற்றல் செலவாகும். அதில் மிகப் பெரும்பகுதி வெப்பம். காற்றோ அந்த 10 கிலோமீட்டர் வேகக் காற்றுதான். சைக்கிளில் எட்டு நிமிடம் இருந்த மிருகத்தின் நிலை, ஓட்டத்தில் இரண்டு மணி நேரத்துக்கு நீடிக்கிறது. ஏற்கெனவே ஒரு டிகிரியைக் கடனாகச் சுமந்து வந்தவருக்கு இங்கே தள்ளுபடி கிடைக்காது. செங்குத்தான புல்வெளியில் வேகமாக நடப்பதற்கும் தள்ளாடி ஓடுவதற்கும் நேர வித்தியாசம் சில நொடிகளே. நடப்பவர் அங்கே மிச்சம் பிடித்த வெப்பத்தை அடுத்த சமதளத்தில் செலவழிக்கலாம். இறக்கத்தில் தொடைத் தசைகள் நீண்டபடியே உடலைத் தாங்குகின்றன. மறுநாள் படியிறங்க விடாமல் பிடிக்கும் வலி பெரும்பாலும் அங்கேயே உண்டாகிறது.

உதவி நிலையங்களில் தரும் பனிக்கட்டியைத் தொப்பிக்குள்ளும் சட்டைக்குள்ளும் போட்டுக்கொள்வது கண்துடைப்பு அல்ல. ஒரு கிலோ பனிக்கட்டி உருகி, அந்த நீர் தோலின் சூட்டுக்கு வருவதற்குள் சுமார் 480 கிலோஜூல் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். ஓட்டத்தில் ஒன்பது நிமிடங்களில் உண்டாகும் வெப்பம் அது. காற்று கைவிட்ட இடத்தில் இதற்கு இணையான துணை வேறில்லை.

புழுக்கமில்லாத வறண்ட வெயிலில் கதை வேறு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பாலைநிலத்தை ஒட்டிய செயின்ட் ஜார்ஜ் நகரில் 2021, 2022 ஆண்டுகளின் அரைத்தொலைவு உலகப் போட்டிகள் நடந்தன. சைக்கிள் பாதையின் கடைசிப் பகுதியில், செம்பாறைகளுக்கு நடுவே ஸ்னோ கேன்யன் ஏற்றம் பல கிலோமீட்டர் நீள்கிறது. 35 டிகிரியில் 15 சதவீத ஈரப்பதம் உள்ள பாலைக் காற்று, 30 டிகிரியில் 70 சதவீத ஈரப்பதம் உள்ள தீவுக் காற்றைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விசையோடு வியர்வையை ஆவியாக்கும். அதனாலேயே அங்கே வியர்வை கண்ணில் படுவதில்லை. சட்டையில் வெள்ளையாகப் பூக்கும் உப்புதான் சாட்சி. இழப்பு தெரியாததால் குறைவாகக் குடிப்பதே அங்குள்ள பெரிய தவறு.

வெப்பமானியில் எண் குறைவாக இருப்பதால் தீவு பாதுகாப்பானது என்று எண்ணிவிடக் கூடாது. 1950களில் அமெரிக்கக் கடற்படைக் காலாட்களின் பயிற்சி முகாம்களில் வீரர்கள் வெயிலில் சுருண்டு விழுந்ததையொட்டி ஓர் அளவீடு உருவானது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கு 70 சதவீதம், வெயிலில் வைத்த கறுப்பு உருண்டைக்கு 20 சதவீதம், சாதாரண வெப்பமானிக்கு 10 சதவீதம் என்று அதில் பங்கு. ஈர வெப்பமானி 26, உருண்டை 45, காற்று 30 டிகிரி காட்டும் தீவுக்கு விடை 30. முறையே 18, 50, 35 காட்டும் பாலைக்கு விடை 26தான்.

உடலை வெயிலுக்குப் பழக்க 10 முதல் 14 நாள் ஆகும். தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெயிலில் உழைக்க வேண்டும். முதல் சில நாட்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது. பிறகு வியர்வை சீக்கிரம் தொடங்குகிறது, அதில் உப்பு குறைகிறது. மே மாதத்துப் போட்டிக்கு வட அமெரிக்க, ஐரோப்பியக் குளிரிலிருந்து நேரே வந்து இறங்கியவர்களுக்கு இந்த வாய்ப்பே இருந்ததில்லை. பயிற்சி முடிந்த கையோடு 40 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் 40 நிமிடம் வரை அமர்வதை ஆறு நாள் செய்தாலும் ஓரளவு பலன் உண்டு. பழக்கம் நின்றால் சில வாரங்களில் அத்தனையும் கரைந்துவிடும்.

எவ்வளவு பழகியிருந்தாலும் சில அடையாளங்களை அலட்சியப்படுத்த முடியாது. வெயிலில் மயிர்க்கூச்செறிதல், நேராக ஓட முடியாமல் தள்ளாடுதல், பெயர் கேட்டால் பொருந்தாத பதில் ஆகியவை உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம் என்பதற்கான அறிகுறிகள். வியர்வை நின்றிருக்க வேண்டும் என்பதில்லை. ஓடி விழுந்தவர் பலர் நனைந்தபடியே இருப்பார்கள். அக்குளில் வைத்த வெப்பமானி ஏமாற்றும். ஆசனவாய் வழி அளவே நம்பத்தக்கது. மருத்துவமனைக்கு ஏற்றுவதற்கு முன்பே, பந்தயக் கூடாரத்தில் தயாராக இருக்கும் பனிநீர்த் தொட்டியில் கழுத்துவரை அமிழ்த்த வேண்டும். முதல் அரைமணி நேரத்துக்குள் வெப்பம் இறங்கிவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். 39 டிகிரிக்குச் சற்றுக் கீழே வந்ததும் தொட்டியிலிருந்து தூக்கி, துடைத்து, அதன்பிறகே ஆம்புலன்சில் ஏற்றுகிறார்கள்.